என் முதல் ஜப்பானியப் படத்தில் ஒரு நூலகம் இருந்தது

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. காலாண்டு விடுமுறையில் நான்கு நாள் தங்க வந்தவள், பையை இறக்கி வைத்த கையோடு மடிக்கணினியைத் திறந்து, “அத்தை, இந்தப் படத்தில் உங்கள் வேலை வருகிறது, வந்து பாருங்கள்” என்றாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பொம்மைப் படம் பார்க்கிற வயதா எனக்கு என்று சொல்லிவிட்டு முறுக்குப் பிழியப் போனேன். அவள் விடவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் முக்காலி போட்டு வைத்துவிட்டாள். முதல் ஈடு நன்றாக வெந்தது. இரண்டாவது ஈடு கருகியது. மூன்றாவது ஈட்டுக்கான மாவை மூடி வைத்துவிட்டு நான் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

படத்தின் ஆங்கிலப் பெயர் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’. ஸ்டூடியோ ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனம் தயாரித்து 1995-ல் ஜப்பானில் வெளியானது. ஓடும் நேரம் 111 நிமிடம். ஜப்பானியத் தலைப்பு ‘மிமி ஓ சுமசேபா’. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆங்கிலப் பெயரைவிட இது எவ்வளவோ மேல். ஆங்கிலப் பெயரைப் பார்த்தால் கண்ணீரும் கடிதமுமாக ஒரு காதல் கதை என்று நினைத்துக்கொள்வோம். காதலும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இது ஒரு கதையை எழுதியவளையும் அதைப் படித்தவரையும் பற்றிய படம்.

நான் தஞ்சை மாவட்டத்துக் கிளை நூலகங்களில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே திரையில் ஒரு பெண் நூலகப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி அட்டையை உருவியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஷிசுகு. பதினான்கு வயது, நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு தலைக்கு மேல் தொங்குகிறது. இவளோ கோடை விடுமுறைக்குள் இருபது புத்தகம் முடிப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறாள். எடுத்து வந்த புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் தனக்கு முன்னால் ஒரே பெயர்: அமசாவா செய்ஜி. யார் இவன், நான் எடுக்கும் புத்தகத்தையெல்லாம் எனக்கு முன்பே படித்தவன்? கதை இங்கே தொடங்குகிறது.

இங்கே ஒரு தொழில்முறை ஆட்சேபம். எங்கள் முறையில் புத்தக அட்டையில் வாசகர் பெயர் ஏறாது. உறுப்பினருக்கு ஒரு சிறிய பை போன்ற சீட்டு உண்டு. புத்தகம் எடுக்கும்போது புத்தகத்தின் அட்டையை அந்தப் பைக்குள் செருகி, தேதி வாரியாகத் தட்டில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குப் போகும், பை வாசகருக்குப் போகும். யார் படித்தார் என்பதற்குத் தடயம் மிஞ்சாது. ஊதா மையில் தேதி முத்திரை மட்டும் கடைசிப் பக்கத்தில் நிற்கும். அதுதான் முறை என்று இன்றும் சொல்வேன். ஊரில் ஒரு பெண் விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போயிருந்தால், அடுத்து எடுப்பவர் கண்ணில் அவள் பெயர் படக் கூடாது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் நிற்க வேண்டிய விஷயம்.

இதை நான் நீட்டி முழக்கியதும் அண்ணன் மகள் படத்தை நிறுத்திவிட்டு, “அப்படியென்றால் உங்கள் நூலகத்தில் இந்தக் கதை நடந்திருக்கவே முடியாது, இல்லையா?” என்று கேட்டாள். முடியாதுதான்.

ஷிசுகுவின் அப்பாவும் நூலகத்தில்தான் வேலை பார்க்கிறார். எங்கள் நூலகமும் பார்கோடுக்கு மாறப் போகிறது என்று சொல்கிறார். எனக்கு அட்டைதான் பிடிக்கும் என்கிறாள் மகள். அவ்வளவுதான் காட்சி, வீட்டுப் பேச்சோடு பேச்சாகப் போய்விடுகிறது. எனக்குப் போகவில்லை. எங்களிடம் கணினி வந்த பிறகு பழைய அட்டைகளைச் சாக்கில் கட்டி, பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டோம். ஒரு கட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். நினைவுக்காக என்று சொன்னால் பொய். மளிகை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்ட வசதியான கனம்.

வீட்டை வரைந்திருக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மேற்கு டோக்கியோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்கு பேருக்கு அந்த இடம் போதாது. அக்காவும் தங்கையும் ஓர் அறையில், ஒன்றன்மேல் ஒன்றான கட்டிலில், ஆளுக்கொரு திரைச்சீலை. எங்கே பார்த்தாலும் புத்தகம், தாள், மடித்தும் மடிக்காமலும் துணி. அம்மா இந்த வயதில் மறுபடி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறார். ஒரு காலை அவசரமாகக் கிளம்பிப் போனவர், பணப்பையை மறந்துவிட்டுத் திரும்ப ஓடி வருகிறார். இந்த ஓட்டத்துக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு அந்த வீட்டின் விலாசம் எனக்குத் தெரிந்தது போல் ஆகிவிட்டது. கேமரா வைத்துப் படமெடுத்தால் அறையில் கிடப்பதெல்லாம் தானாகப் பதிவாகும். இங்கே மேசையில் கிடக்கும் ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார். தேவையில்லாததை வரைய இவ்வளவு மெனக்கெட்டவர்களை நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அப்பாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷிசுகு ரயிலில் போகிறாள். பக்கத்தில் ஒரு பருத்த பூனை ஏறி, சீசன் டிக்கெட் வைத்திருப்பது போல உட்கார்ந்துகொண்டு வெளியே வேடிக்கை பார்க்கிறது. அவள் இறங்கும் நிலையத்தில் அதுவும் இறங்குகிறது. பின்தொடர்ந்து மேடேறிப் போனால் உச்சியில் ஒரு பழம்பொருள் கடை. உள்ளே ஒரு பூனைப் பிரபுவின் சிலை, ஒரு பெரிய பழைய கடிகாரம், நிஷி என்ற கிழவர். அந்த மேடும் படிக்கட்டும் கற்பனை அல்ல. டோக்கியோவின் மேற்கே தாமா நகரில், கெய்ஓ ரயில் பாதையில் செய்செகி சகுரகவோகா நிலையத்தைச் சுற்றியுள்ள இடங்களைப் பார்த்து வரைந்தவை. அந்த நிலையத்தில் ரயில் வரும்போது இப்போது இந்தப் படத்துப் பாட்டின் மெட்டைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள்.

பாட்டு என்பது ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’. அமெரிக்காவில் 1971-ல் ஜான் டென்வர் பாடியது. ஊருக்கு என்னைக் கொண்டுபோ சாலையே என்று கேட்கிற பாட்டு. பள்ளித் தோழிகளுக்காக இதை ஜப்பானிய மொழியில் ஆக்க ஷிசுகு தவிக்கிறாள். ஊர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாதே என்பது அவள் சிக்கல். பிறந்து வளர்ந்தது அடுக்குமாடியில். காட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிக் கட்டிய புறநகர் அது. எரிச்சலில் அதையே வைத்து ‘கான்கிரீட் சாலை’ என்று ஒரு கேலிப்பாட்டு எழுதிவிடுகிறாள். ஒழுங்காக எழுதிய பாட்டைவிட அந்தக் கேலிப்பாட்டில்தான் உண்மை இருக்கிறது என்பது என் கட்சி. படத்தில் கடைசியாக அமைந்த ஜப்பானிய வரிகளும் மூலத்துக்கு நேர் எதிர்த்திசையில் போகின்றன. ஊரைவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டேன், திரும்ப மாட்டேன் என்கிற பாட்டு அது. எழுதியது தயாரிப்பாளர் சுசுகி தோஷியோவின் மகள். மொழிபெயர்ப்பு என்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதைக் காட்டலாம்.

செய்ஜி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே பாதியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். வயலின் செய்கிறவன். இத்தாலியில் கிரமோனாவுக்குப் போய் அந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். வீட்டில் எதிர்ப்பு. இரண்டு மாதம் போய்ப் பார், தேறுகிறாயா என்று தெரியட்டும் என அனுப்புகிறார்கள். கடையின் அடித்தளத்தில் மரச்சுருள் சிதறிய பட்டறையில் அவன் வயலின் எடுக்க, அவள் கூச்சத்தோடு பாடத் தொடங்க, கிழவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் சத்தமில்லாமல் படியிறங்கி வந்து ஆளுக்கொரு பழங்கால வாத்தியத்தோடு சேர்ந்துகொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது. நான் கச்சேரிக்குப் போகிறவள். வில் போகும் போக்கும் கேட்கும் ஒலியும் ஒத்துப் போகின்றனவா என்று குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். ஒத்துப் போயின. மூன்று கிழவர்களின் முகத்தில் இருந்த சந்தோஷம் அதைவிடப் பெரிது.

அவனுக்கு ஒரு கைத்தொழில் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று ஷிசுகுவுக்குக் குடைகிறது. கதை எழுதிப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறாள். கடையிலுள்ள பூனைப் பிரபுதான் நாயகன். நிஷி சம்மதிக்கிறார், ஒரு நிபந்தனையோடு: எழுதி முடித்ததும் முதலில் எனக்குத்தான் காட்ட வேண்டும்.

அதன் பிறகு இரவெல்லாம் எழுத்து, வகுப்பில் தூக்கம். தேர்வில் நூறு இடம் கீழே போகிறாள். பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், அக்கா வீட்டில் கத்துகிறாள். என் அண்ணன் மகள் இந்த இடத்தில் நகம் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவளுக்கும் மார்ச்சில் பொதுத்தேர்வு. சரியாக அப்போது அவள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். “அத்தையோடு நூலகம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்” என்றாள். பொய் இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஷிசுகுவை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறார்கள். என்ன எழுதுகிறாய் என்று துருவவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. நீ நினைத்ததைச் செய் என்று அனுமதித்துவிட்டு அப்பா ஒன்று சொல்கிறார்: மற்றவர்கள் போகாத வழியில் போவது சுலபமில்லை, என்ன நடந்தாலும் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அந்த அப்பாவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நடிகருக்கு இப்படி ஒரு மொட்டைக் குரலா என்று தேடிப் பார்த்தேன். நடிகரே இல்லை. தச்சிபானா தகாஷி என்ற பத்திரிகையாளர். பிரதமராக இருந்த தனாகா ககுயேயின் பண விவகாரங்களை 1974-ல் எழுதி வெளிக்கொண்டு வந்தவர். புத்தகத்துக்கு நடுவிலேயே வாழ்ந்த மனிதர். அந்தக் குரலுக்காகவே சொல்கிறேன்: இந்தப் படத்தை ஜப்பானிய ஒலியில் பாருங்கள். சப்டைட்டில் படிக்க நான் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்த வேண்டியிருந்தது, பரவாயில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடம். எழுதி முடித்த கட்டைத் தூக்கிக்கொண்டு ஷிசுகு கடைக்கு ஓடுகிறாள். இப்போதே படியுங்கள் என்கிறாள். கிழவர் தயங்குகிறார், நீளமாக இருக்கிறதே, நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். அவள் கேட்கவில்லை, முடியும்வரை காத்திருக்கிறேன் என்று கீழ்மாடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். குளிர்காலம். பொழுது சாய்கிறது, கீழே நகரத்தில் விளக்குகள் ஏறுகின்றன. மேலே ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிரத் திரையில் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் கிழவர் இறங்கி வந்து, படித்துவிட்டேன், நன்றாக இருந்தது என்கிறார். அவள் வெடிக்கிறாள். பொய் சொல்லாதீர்கள், பின்பாதி குழம்பிக் கிடக்கிறது, எனக்கே தெரியும் என்கிறாள். ஆமாம், கரடுமுரடாக இருக்கிறது, செதுக்கவில்லை, முடியவில்லை, செய்ஜியின் வயலின் போலவே என்று ஒப்புக்கொள்கிறார் அவர். பிறகு, நன்றாகச் செய்திருக்கிறாய், அவசரப்படாமல் தீட்டு என்கிறார். அந்தக் குழந்தை அப்போது அழுகிற அழுகை இருக்கிறதே, அது சோகத்தில் வருவதல்ல. ஒருவர் உண்மையாகவே படித்துவிட்டார் என்று தெரிந்ததும் வருவது. பிறகு அவளுக்குச் சட்டியில் கொதிக்கும் உடோன் நூடுல்ஸ் வைத்துக் கொடுக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பாலிடெக்னிக் படித்த பையன் ஒருவன், தினம் மாலை கடைசி மேசையில் உட்காருவான். ஒருநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கவிதை, படித்துச் சொல்லுங்கள் மேடம் என்றான். அது தணிக்கை நடந்த வாரம். மூன்று பக்கம் புரட்டினேன். இரண்டு நாள் கழித்து, நன்றாக இருக்கிறது தம்பி, தொடர்ந்து எழுது என்று திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தையே ஒரு நொடி பார்த்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். அதன் பிறகும் நூலகத்துக்கு வந்தான், புத்தகம் எடுத்தான், நோட்டைக் கொண்டுவரவில்லை. ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல்லை அவன் எவ்வளவு சரியாக எடை போட்டான் என்பது எனக்கு அன்றே தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பொம்மைப் படத்தில் அதை மறுபடி பார்ப்பேன் என்றுதான் நினைக்கவில்லை.

குறைகள் உண்டு. அவள் எழுதும் கதைக்குள் பூனைப் பிரபுவோடு வானத்தில் பறக்கும் பகுதிகள் பார்க்க அழகு. ஆனால் அடுக்குமாடி வீட்டைவிட்டு அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. ஒளிரும் கற்களுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்து எடுக்கிறாள், கையில் பார்த்தால் இறந்த பறவைக் குஞ்சு. இந்த ஒரு கனவுக் காட்சி மட்டும் எலும்புக்குள் போனது. செய்ஜிக்கு இன்னும் கொஞ்சம் அசட்டுத்தனம் கொடுத்திருக்கலாம். வயலினும் செய்து, அத்தனை புத்தகமும் படித்து, சைக்கிளும் ஓட்டி, ஒரு பையனுக்கு இவ்வளவு ஆகாது. அவனைவிட, பேஸ்பால் ஆடும் சுகிமுராவை எனக்குப் பிடித்தது. ஷிசுகுவிடம் மனதைச் சொல்லி, வெறும் நண்பன்தானா என்று கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு போகிற அந்தக் கோயில் முற்றக் காட்சியில், எதிரே நிற்கும் இவளும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பது அப்படியே அந்த வயது.

பெரிய குறை முடிவு. விடியற்காலையில் செய்ஜி வந்து நிற்கிறான், சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சுவாங்க மிதிக்கிறான். அவள் குதித்து இறங்கி, நான் உனக்குச் சுமையாக இருக்க மாட்டேன் என்று பின்னாலிருந்து தள்ளுகிறாள். அங்கேயே படம் முடிந்திருக்க வேண்டும். மேலே போய்ச் சூரிய உதயம் பார்த்துவிட்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்கிறான் இவன். பதினைந்து வயது! ஹிராகி அவோய் வரைந்த மூல சித்திரக்கதையில் கல்யாணப் பேச்சு இல்லை. அதைச் சேர்த்தவர் திரைக்கதை எழுதிய மியாசாகி ஹயாவோ. பெரியவர்களுக்குச் சிறுவர்களின் காதலைப் பார்த்தால் உடனே தாம்பூலம் மாற்றிவிட வேண்டும் போலிருக்கிறது, எந்த நாடானாலும். நான் ஆட்சேபித்ததும் அண்ணன் மகள், “அது அப்போதைக்குச் சொல்வது அத்தை, அவர்களுக்கே தெரியும்” என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இயக்கியவர் கொண்டோ யோஷிஃபுமி. ஜிப்லியில் அதுவரை திரையரங்குக்கு வந்த படங்களை மியாசாகியும் தகாஹதா இசாவோவும் மட்டுமே இயக்கியிருந்தார்கள். மற்றவர் படங்களுக்கு வரைந்து கொடுத்தே ஆண்டுகளைக் கழித்தவர் கொண்டோ, நாற்பத்தைந்தாவது வயதில் முதல் படத்தை எடுத்தார். 1998 ஜனவரியில், நாற்பத்தேழு வயதில் இறந்துவிட்டார். இயக்கியது இந்த ஒன்றுதான். இதைப் படம் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நல்லதாயிற்று. முன்பே தெரிந்திருந்தால் கரடுமுரடு என்று கிழவர் சொல்லும் இடத்தை வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

யாரோடு பார்க்கலாம் என்று கேட்டால், எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளோடு பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பூனை வரும் இடம் தவிர மற்றதெல்லாம் சலிக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம். அம்மாக்கள் என்னைத் திட்டுவார்கள்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் மூடிவிடாதீர்கள். கரையோரச் சாலை ஒன்றை அசையாமல் காட்டி, அதன்மேல் அந்த ஊர் மனிதர்களைச் சின்னச் சின்ன உருவங்களாக நடக்கவிட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், சைக்கிள்கள், வண்டிகள். சுகிமுராவுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிறவர்கள் அங்கே அவனைத் தேட வேண்டும். நாங்கள் இரண்டு முறை பின்னால் ஓட்டித்தான் பிடித்தோம். கருகிய முறுக்கை அவளே தின்று தீர்த்தாள்.